அணு உலை சரி, உதிரிபாகம்?

ஆசிரியருக்கு,

நம் கடற்படைக்கும் அணுசக்தியில் ஓடும் விமானந்தாங்கிக் கப்பல் வேண்டும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஆசை சரிதான். ஆனால் உதிரிபாகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

பிரான்ஸின் சார்ல் தெ கோல் கப்பலைப் பாருங்கள். அதில் இரண்டு அணு உலைகள். 2000 நவம்பர் சோதனை ஓட்டத்தில் உடைந்ததோ கப்பலைத் தள்ளும் உந்துவிசிறியின் இதழ். கையிருப்பு விசிறிகளும் தேறவில்லை. கடைசியில் கிளெமான்சோ, ஃபோஷ் என்ற பழைய கப்பல்களின் விசிறிகளைத்தான் மாட்டினார்கள். எங்கள் ஊர் முனீஸ்வரன் கோவில் தெருவில், இடித்த வீட்டு நிலைக்கதவு புது வீட்டுக்குப் போகுமே, அந்த மாதிரி. என்ன, கப்பலின் வேகம்தான் பல வருடம் குறைந்துபோனது.

அமெரிக்காவிலும் இதே கூத்துதான். கட்டிக்கொண்டிருந்த ஜான் எஃப். கென்னடி கப்பலுக்கான பாகங்களை எடுத்து ஜெரால்டு ஃபோர்டு என்ற இன்னொரு கப்பலில் பொருத்தினார்கள்.

அமெரிக்காவின் நிமிட்ஸ் வகை அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலின் ஆயுள் சுமார் 50 ஆண்டு. உலைக்கு எரிபொருள் மாற்றுவது நடுவில் ஒரே தடவை. வால்வும் பம்பும் அப்படிக் காத்திருக்குமா? அவற்றைச் செய்த கம்பெனி அதுவரை இருக்குமா?

2022-இல் கடற்படையில் சேர்ந்த நம் விமானந்தாங்கி விக்ராந்த் ஓடுவதே அமெரிக்க வடிவமைப்பு கேஸ் டர்பைன் எஞ்சினில். அப்புறம், உப்புக்காற்றில் உலோகம் அரிப்பதை ஆராய காரைக்குடியிலேயே சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அணு உலைக்கு முன்னால், இருக்கிற கப்பல்களின் எந்தெந்தப் பாகத்தை இங்கேயே செய்யலாம் என்று இதுபோன்ற நிறுவனங்களையும் நம் பட்டறைக்காரர்களையும் அரசு உட்காரவைத்துக் கேட்கட்டும்.

– ஒரு வாசகர், காரைக்குடி