துணி சுற்றிய விரல்

மண்டபம்
மாசி மாதம்

அன்புள்ள மாப்ள,

நீ கேட்டு மூன்று மாதம் ஆகிறது. "கேமரா வாங்கப் போறேன், எதை வாங்கட்டும்னு ஒரு வரி எழுது" என்றாய். ஒரு வரியில் சொல்லி முடிக்க மனசு வரவில்லை, தள்ளிக்கொண்டே போய்விட்டது. கோபித்திருந்தால் அது நியாயம்தான். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. சித்தப்பு அந்தத் தேங்காய்க் கதையை இன்னும் விடவில்லை. பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் ஏறிப் போய் வந்துவிட்டேன். நீ வந்ததும் இன்னொரு தடவை போகலாம்.

சரி, கேமரா. என் பழைய ஜூம் கேமரா போன கதை உனக்குத் தெரியாது. ஆடி மாதம், தனுஷ்கோடி அரிச்சல்முனை, காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. பையிலிருந்து எடுத்து ஆன் செய்தேன். லென்ஸ் குழல் பாதி நீண்டது, கிர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மதுரையில் பிரித்துப் பார்த்தவர் ஊசி முனையில் ஒரு மணலைத் தொட்டெடுத்துக் காட்டினார். ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நீளும் குழல்கள். அந்த இடுக்கில் ஒரு மணல் போதும். நம் கடற்கரையில் நீளும் லென்ஸை நம்பக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இப்போது என்னிடம் இருப்பது ஒலிம்பஸ் டிஜி-6. 2019இல் வந்த மாடல், இன்னொருவர் கைபட்டது. இதில் லென்ஸ் வெளியே நீளவே நீளாது. முன்னால் ஒரு கண்ணாடி ஜன்னல், அவ்வளவுதான். உள்ளே வருகிற வெளிச்சத்தை ஒரு பட்டகம் (பிரிசம்) 90 டிகிரி திருப்பிவிடுகிறது. ஜூம் எல்லாம் உடம்புக்குள்ளேயே நடக்கிறது. பேட்டரியோடு 253 கிராம். 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும்.

நீ போன கடிதத்தில் மெகாபிக்சல் பற்றியே ஒரு பக்கம் எழுதியிருந்தாய். இதில் 12தான். அதாவது படத்தின் அகலத்தில் 4000 புள்ளி, உயரத்தில் 3000 புள்ளி. பதிமூன்று அங்குல அகலத்துக்குப் பிரிண்ட் போட்டாலும் பிசிறு தெரியாது. அதைவிடப் பெரிதாக நம் வீட்டுச் சுவரில் எதை மாட்டப்போகிறாய்? மாப்ள, எண்ணைப் பார்க்காதே, கையில் பிடித்துப் பார். எனக்கு அது புரிந்தது பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில்.

போன வாரம் கடலில் முங்கிக் கடல்பாசி எடுக்கிற அக்காமாருடன் வள்ளத்தில் போனேன். தென்கடல், அதான் மன்னார் வளைகுடா, தெளிந்து கிடந்தது. அவர்கள் விரல் ஒவ்வொன்றிலும் பழைய சேலைத் துணியைக் கிழித்துச் சுற்றி நூலால் கட்டிக்கொள்வார்கள், பாறை அறுக்காமலிருக்க. கண்ணில் கண்ணாடி, காலில் துடுப்பு மாதிரித் தட்டு, இடுப்பில் வலைப்பை. இடுப்பளவு தண்ணீரில் நான் கேமராவோடு நின்றேன். ஓர் அக்கா மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு, "குடு தம்பி, எங்க அமுக்கணும்?" என்று வாங்கிக்கொண்டார்.

அந்தத் துணி சுற்றிய, உப்பில் ஊறிய விரல் ஷட்டர் பொத்தானைத் தானாகக் கண்டுபிடித்தது. மேடாக, வட்டமாக இருக்கிறது; அதைச் சுற்றியே ஜூம் வளையம். பின்பக்கம் கட்டைவிரல் பதிய ஒரு மேடு. திரை தொடுதிரை இல்லை. இதைக் குறை என்று எழுதுகிறார்கள். ஈரக்கையோடு நிற்பவனுக்கு அதுதான் வரம். தண்ணீர் பட்டுத் திரை தன்பாட்டுக்கு எதையும் மாற்றாது. அக்கா தலையைத் தண்ணீருக்குள் விட்டு, கூட வந்தவர் பாசி பறிப்பதை நாலு படம் எடுத்தார். மூன்று நன்றாக இருக்கிறது.

அப்புறம் நான் அவரை எடுத்தேன். வள்ளத்தில் ஏறியதும் திரையில் காட்டினேன். பச்சை வெளிச்சத்தில் முடி அலைய, பாறையைப் பற்றிக்கொண்டு இருக்கிறார். வெகுநேரம் பார்த்தார். "முப்பது வருசமா முங்குறேன். தண்ணிக்குள்ள நான் எப்படி இருக்கேன்னு இன்னைக்குத்தான் தம்பி பாக்குறேன்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதமே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதில் மைக்ரோஸ்கோப் என்று ஒரு வசதி. லென்ஸுக்கு 1 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதையும் எடுக்கும். கொட்டி வைத்த பாசியில் மிளகளவு நண்டு ஒன்று. அதன் கண் காம்பில் உப்புநீர்த் துளி நிற்பது தெரிகிறது. படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், பார்.

ஆனால் உன் மகள் நிக்காஹ் ராத்திரி விசேஷத்தை எடுக்கத்தான் என்றால் இதை வாங்காதே. வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குகிற சென்சார் இதில் சின்னது. ஓர் அங்குல சென்சார் என்று விற்கிற கேமராக்களில் இதைப்போல் நாலு மடங்கு பரப்பு இருக்கும், வெளிச்சமும் கூடச் சேரும். பந்தல் விளக்கில் இதில் எடுத்தால் முகத்தில் மாவு தூவியது போல் புள்ளி வரும். கல்யாணத்துக்கு அது, கடலுக்கு இது. இரண்டுக்கும் ஒன்றைத் தேடி அலையாதே.

வாங்கினால் பேட்டரி மூடியை மட்டும் கவனி. ரப்பர் விளிம்பில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். இரண்டு பூட்டையும் போட்டுவிட்டுத்தான் இறங்கவேண்டும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடு. காயாமல் மூடியைத் திறக்காதே.

கேமரா தண்ணீரில் விட்டால் மூழ்கிவிடும். மிதக்கும் கைவார் என்று ஒன்று உண்டு, ராமநாதபுரத்தில் தேடிப்பார்த்தேன், கிடைக்கவில்லை. ஷார்ஜாவில் கிடைத்தால் இரண்டு வாங்கி வா. ஒன்று எனக்கு. இன்னொன்று சின்னப்பாலத்துக்கு, அடுத்த தடவை கேமராவை அக்காமார் கையிலேயே கொடுத்து அனுப்பப்போகிறேன்.

உன் மச்சான்