விடிவதற்குள் தூக்கு, அதற்கு முன் இருநூற்றி எண்பது முத்திரை: ஒரு விரிவாக்கத்தை உருவாக்கியவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கதைக் குழுவினருக்கும் ஆட்ட வடிவமைப்புக் குழுவினருக்கும்,

வணக்கம். உங்கள் ஸ்டுடியோவின் பெயரையோ கேமின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. துறைமுகக் கிழவி என்று சொன்னாலே உங்களுக்குப் புரிந்துவிடும். விரிவாக்கம், அதாவது மூல ஆட்டத்தின் கதையை நீட்டி நீங்கள் தனியாக விற்ற புதுப் பகுதி, வந்து ஒரு மாதம் ஆகிறது. கதையைத் தொடர முத்திரை சேர்த்து ஏற வேண்டிய அந்த 'மதிப்பு நிலை' பற்றி எத்தனை பேர் உங்களிடம் முறையிட்டார்கள், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதையெல்லாம் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். நேரத்தை வீணாக்குவது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும்.

என் மனைவி கன்ட்ரோலரைத் தொட்டதே இல்லை. ஆனால் உங்கள் மூல ஆட்டத்தை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் ஆடினோம். சண்டை என் பொறுப்பு, பேச்சு அவள் பொறுப்பு. திரையில் மூன்று பதில்கள் வந்தால், எதைச் சொல்ல வேண்டும் என்று அவள்தான் முடிவு செய்வாள். கடைசியில் அந்தப் படகுக்காரி "என் தம்பியைக் கண்டால் சொல்லுங்கள்" என்று கேட்டபோது, தேடித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்ததும் அவள்தான். இரண்டு வருடம் கழித்து விரிவாக்கத்தின் முன்னோட்டத்தில் அதே படகைப் பார்த்ததும், வாங்கிவிடலாம் என்று முதலில் சொன்னதும் அவள்தான்.

நான்காவது அத்தியாயம் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் அந்தக் கிழவி வந்தாள். கையை உயர்த்தி, குரல் நடுங்க, அந்தத் தம்பியைப் பற்றி "விடிவதற்குள் அவனைத் தூக்கில் போட்டுவிடுவார்கள், ஓடு" என்றாள். என் மனைவி சோபாவின் நுனிக்கு வந்துவிட்டாள். அடுத்த நொடி திரையில் ஒரு பெட்டி: இந்தக் குவெஸ்டைத் தொடர மதிப்பு நிலை 12 தேவை. நாங்கள் இருந்தது ஐந்தில்.

ஒரு நிலைக்கு நாற்பது பனி முத்திரை. ஏழு நிலைக்கு இருநூற்றி எண்பது. முத்திரை எங்கே கிடைக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வைத்ததே நீங்கள்தானே. கோட்டை வாசலில் மூன்று ஓநாய், உள்ளே இரண்டு கொள்ளைக்காரர்கள், பெட்டியில் ஒரு முத்திரை. கொஞ்சம் தள்ளி அதே கோட்டை, அதே மூன்று ஓநாய். இடது பக்கத்து ஓநாய் எப்போதும் முதலில் பாயும் என்பது இரண்டாம் நாளே பிடிபட்டுவிட்டது.

பதினொரு ராத்திரி இப்படிப் போனது. முதல் இரண்டு நாள் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள். மூன்றாம் நாள் துணி மடித்தாள். ஐந்தாம் நாள் போனை எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஒன்பதரைக்கே படுக்கப் போய்விட்டாள். பதினொன்றாம் ராத்திரி பன்னிரண்டாம் நிலை வந்ததும் போய் எழுப்பினேன். "நீங்களே பாத்துட்டுக் காலையில சொல்லுங்க" என்று திரும்பிப் படுத்துவிட்டாள்.

துறைமுகத்துக்குப் போனேன். கிழவி அதே இடத்தில், அதே உயர்த்திய கையுடன் நின்றாள். விடியலும் பதினொரு நாளாக எங்களுக்காகக் காத்திருந்தது. இரண்டரை நிமிடக் கட்சீன், அதாவது ஆட முடியாமல் பார்க்க மட்டும் வரும் காட்சி. தம்பியை வேறொரு கப்பலில் ஏற்றி வடக்கே கொண்டுபோய்விட்டார்களாம். திரை கறுத்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

காலையில் தோசை ஊற்றிக்கொண்டே "தம்பி கிடைச்சானா?" என்று கேட்டாள். "இன்னொரு கப்பல்" என்றேன். தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் சிரித்தாள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அடுத்த விரிவாக்கத்தில் கதையைப் பூட்டி, சாவியை ஓநாய் வயிற்றில் வைக்காதீர்கள்.

இப்படிக் கேட்டால் உடனே "உனக்குக் கதைதான் வேண்டுமென்றால் நாவல் படி" என்று ஒரு பதில் வரும். என்னைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சண்டையும் புதிரும் கஷ்டமும் எனக்கும் பிடித்தவைதான். 1999-இல் 'பால்டர்ஸ் கேட்' கேமுக்கு 'டேல்ஸ் ஆஃப் தி ஸ்வோர்ட் கோஸ்ட்' என்ற விரிவாக்கம் வந்தது. அதில் டர்லாக் கோபுரம் என்று ஒரு இடம். அந்தக் காலத்தில் எங்களைக் கதறவிட்ட இடம். அடியெடுத்து வைத்தால் பொறி, கதவைத் தொட்டால் பொறி. ஆனால் அந்தப் பொறிகள் ஏன் இருக்கின்றன என்பதுதான் அங்கே கதையே. டர்லாக் என்ற குள்ளர் இனத்து வீரனின் குடும்பத்தையும் நண்பர்களையும் உருமாறிகள் கொன்று, அவர்களின் முகத்தையே போட்டுக்கொண்டு அவனோடு வாழ்ந்தன. உண்மை தெரிந்ததும், தன் மனைவி மக்கள் முகத்தோடு நின்றவற்றை அவன் தன் கையாலேயே வெட்ட வேண்டியிருந்தது. அதற்கப்புறம் யாரையும் நம்ப முடியாமல், கோபுரம் முழுக்கப் பொறிவைத்தான். கீழ்த்தளத்தில் கர்வம், பேராசை, பயம், அன்பு என்று பெயர் வைத்த நான்கு காவலர்கள் நிற்பார்கள். அவர்களைக் கடக்கும்போது நாம் கடப்பது அவனுடைய வாழ்க்கையை. அங்கே ஒவ்வொரு அடியையும் பயந்து பயந்து வைத்தேன், அவனும் அப்படித்தான் நடந்திருப்பான். இதில் கதை எங்கே முடிகிறது, ஆட்டம் எங்கே தொடங்குகிறது என்று யாராவது கோடு போட்டுக் காட்டட்டும்.

2007-இல் வந்த 'மாஸ்க் ஆஃப் தி பிட்ரேயர்' விரிவாக்கத்தில் நாயகனுக்கு ஆவிகளைத் தின்னும் சாபம். பசிக்கு ஒரு அளவுகோல் உண்டு. நேரம் போகப் போக அது இறங்கும், நிம்மதியாகப் படுத்து ஓய்வெடுக்கவும் விடாது. எரிச்சலாக இருக்கிறது என்று அப்போது பலர் திட்டினார்கள். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அது நாயகனுக்கும் இருந்த எரிச்சல். உங்கள் முத்திரையைப் பொறுக்கும்போது எனக்கு வந்த எரிச்சல் உங்கள் நாயகனுக்கு இல்லை. அவன் ஓநாய் செத்ததும் வாளைச் சுழற்றி உறையில் போட்டு ஒரு புன்னகை வேறு செய்கிறான். விடிந்தால் ஒருவனுக்குத் தூக்கு!

'தி விட்சர் 3' கேமின் 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்' பற்றியும் சொல்ல வேண்டும். 2015 அக்டோபரில் வந்தது. அதில் ஒரு கல்யாண வீடு. செத்துப்போன ஒருவனின் ஆவி நாயகன் கெரால்ட்டின் உடம்பில் புகுந்துகொண்டு, ஒரே ஒரு ராத்திரி ஆசை தீர ஆட்டம் போடும். பன்றிகளைத் துரத்திப் பட்டியில் அடைப்பதும், குளத்தில் முங்கிச் செருப்பு தேடுவதும்தான் அங்கே நமக்கு வேலை. சில்லறை வேலைதான், ஆனால் என் மனைவி இன்றைக்கும் அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவாள். அந்த விரிவாக்கத்தை மட்டும் தனியாகத் தொடங்க மெனுவிலேயே ஒரு வழி வைத்திருந்தார்கள். தேவையான லெவலும் ஆயுதமும் கையில் கொடுத்துவிடுவார்கள். எளிய நிலையின் பெயரே 'ஜஸ்ட் தி ஸ்டோரி'. அதனால் யாருடைய சவாலும் குறைந்துபோகவில்லை. கடினம் வேண்டும் என்றவர்கள் மேல் நிலையை எடுத்து ஆடினார்கள்.

'எல்டன் ரிங்' விரிவாக்கம் 2024 ஜூனில் வந்தபோது, மூல ஆட்டத்தில் ராடான், மோக் என்ற இரண்டு பெரிய எதிரிகளையும் வீழ்த்தியவர்களுக்குத்தான் நுழைவு என்பதை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். சரி, அதுவும் ஒரு நேர்மை. வாசலிலேயே பலகை வைத்த வீடு. நீங்கள் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, இலையையும் போட்டுவிட்டு, சோற்றுக்கு விறகு வெட்டி வரச் சொன்னீர்கள்.

விறகாவது வெட்டலாம். அந்த முத்திரைகளைக் காசுக்கு விற்கும் கடையை ஆறாம் நாள் திறந்தீர்களே, அதைத்தான் சொல்ல வேண்டும். 2006-இல் 'ஆப்லிவியன்' கேமில் குதிரைக்குக் கவசம் விற்றபோது உலகமே சிரித்தது. இப்போது நினைத்தால் அவர்கள் எவ்வளவு யோக்கியமானவர்கள் என்று தோன்றுகிறது. காசு வாங்கினார்கள், கவசம் கொடுத்தார்கள். "கவசம் வாங்காவிட்டால் நாற்பது ஓநாய் கொல்" என்று யாரும் சொல்லவில்லை. நீங்களோ முதலில் அலுப்பைத் தயாரித்து, பிறகு அந்த அலுப்பிலிருந்து விடுதலையை விற்கிறீர்கள். அடுத்ததாகக் கிழவி பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு விலை வைக்கலாம். "அவனை" என்பதற்கு ஐம்பது, "தூக்கில்" என்பதற்கு நூறு.

மன்னிக்கவும். மரியாதையாகக் கேட்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

கதைக் குழுவினருக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தக் கிழவியின் வசனத்தை எழுதியவர் யாரோ, நன்றாக எழுதியிருக்கிறார். அந்தக் குரல் நடுக்கம் இன்னும் காதில் இருக்கிறது. அவருடைய உழைப்பையும் சேர்த்துத்தான் திரையில் வந்த அந்த மதிப்பு நிலைப் பெட்டி நசுக்கியது என்பது எனக்குத் தெரியும். இதை அவர் உள்ளே எடுத்துச் சொல்லியிருக்கவும் கூடும்.

வடிவமைப்புக் குழுவினருக்கும் அதே வேண்டுகோள்தான். முத்திரை வேட்டை பிடித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நல்ல வாள் கொடுங்கள், குதிரை கொடுங்கள், பட்டம் கொடுங்கள். கதையின் அடுத்த பக்கத்தை மட்டும் பரிசாக வைக்காதீர்கள். இப்போது இருப்பதிலும் நான்காம் அத்தியாயத்துக்குப் பிறகு வரும் அந்த ஒரு தடையை எடுத்துவிட்டால், இனி வாங்குபவர்களாவது அந்த ராத்திரியிலேயே துறைமுகத்திலிருந்து கிளம்பிவிடுவார்கள்.

எங்கள் சேவ் ஃபைலை அழிக்கவில்லை. அடுத்த விரிவாக்கம் வர இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்று நினைக்கிறேன். அதற்குள் ஏதாவது ஒரு பேட்ச் குறிப்பில், பிழைத்திருத்தங்களுக்கு நடுவில் ஒரு வரியாகவாவது, அந்தத் தம்பி உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? வீட்டில் கேட்கிறார்கள்.

பணிவுடன்,
மதிப்பு நிலை 12-ஐ எட்டிய ஒருவன்