கோத்தகிரி வீட்டுச் சாவி

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததில் எனக்கும் பெரிய நிம்மதி. என் முழங்கால் இப்போது பரவாயில்லை. இன்னும் ஒரு மாதம் கோவையில் மகள் வீட்டில்தான். கோத்தகிரி வீடு பூட்டிக் கிடக்கிறது.

கொடைக்கானல் வீட்டில் கேமராவும் நம்பர் பூட்டும் போட்டு, பாஸ்வேர்டை வேண்டியவர்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. நானும் அதையேதான் செய்திருந்தேன். போன மாதம் ஆப்பில் லாகின் ஆன போன்களின் பட்டியலைப் பார்த்தால், மொத்தம் 7. அதில் ஒன்று, 2 வருஷத்துக்கு முன் பெயின்ட் அடித்த மேஸ்திரியுடையது. வேலை நடந்தபோது நானே போட்டுக் கொடுத்தது. தங்கமான மனிதர், ஒரு தப்பும் நடக்கவில்லை. ஆனால் இத்தனை நாளும் என் வீட்டு வாசல் அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. அந்த போன் தொலைந்து யார் கையிலாவது கிடைத்திருந்தால்?

அன்றே பாஸ்வேர்டை மாற்றி, எல்லா போன்களையும் வெளியேற்றினேன். இப்போது அவரவர் போன் எண்ணுக்கு ஆப்பிலிருந்து தனித்தனி அனுமதி. ஊட்டித் தம்பிக்கு மட்டும் முழு அதிகாரம். நான் படுத்துவிட்டால் பார்க்க ஒருவர் வேண்டுமே. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாசல் கேமராவும் கதவு நம்பரும். பெருக்க வரும் அம்மாவுக்குச் செவ்வாய், வெள்ளி காலை 9 முதல் 12 வரை மட்டும் வேலை செய்யும் நம்பர். ஹாலில் இருந்த கேமராவைக் கழற்றிவிட்டேன். அவர் வேலை செய்வதை நான் கோவையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது எனக்கே பிடிக்கவில்லை.

அக்காவுக்குக் கொடுத்தது எவ்வளவு நல்லதென்று போன வாரம் தெரிந்தது. ராத்திரி 2 மணிக்குக் கரடி. சமையல்கட்டுக் கதவின் அடியில் மூக்கை வைத்து, எண்ணெய் வாசம் பிடித்தபடி நிற்கிறது. கேமராவின் இருட்டுப் படத்தில் இரண்டு கண்களும் வெள்ளை வெளேரென்று. நான் தூங்கிவிட்டேன். அக்கா போனில் பார்த்து, வெளியே வராமல் விளக்கையெல்லாம் போட்டு, தகரத்தைத் தட்டி விரட்டியிருக்கிறார். விடிந்ததும் எண்ணெய் டின்னை எடுத்துத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் ஒன்று, மழைக்காலத்தில் கரண்ட் போனால் ரூட்டரும் அணைந்துவிடும். அதை இன்வெர்ட்டரில் போடு. பூட்டு பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் இல்லாமலும் திறக்கும். ஆனால் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வாய்? இரும்புச் சாவி ஒன்றை நம்பிக்கையான வீட்டில் கொடுத்து வை. யாருக்கு ஓடிபி வந்தாலும் போனில் படித்துச் சொல்லும் பழக்கத்தை விடு. ஆள் மாறினால், அன்றைக்கே பெயரை எடுத்துவிடு.

தை மாதம் கோத்தகிரிக்கு வருகிறாயா? எந்த நாள் என்று சொல். உனக்கும் 4 நாளுக்கு ஒரு நம்பர் போட்டு வைக்கிறேன். அக்காவிடம் சொல்லி வர்க்கியும் வாங்கி வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்