கொக்கி முதலில், டயர் கடைசியில்

கொருக்குப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பின படங்களை அம்மா போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெர்த்தில் உன் கூட்டாளிகள் ஓட்டுகிற வண்டி ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. "நைனா, நம்ம ஜீப்பையும் இதே மாதிரி ஏத்திடலாம், 33 இன்ச் டயருக்கு நான் பணம் அனுப்பறேன், பொங்கலுக்கு வந்ததும் சேத்துல இறக்கலாம்" என்று எழுதியிருந்தாய். நாலு மாசமாக அப்படி என்னதான் வேலை நடக்கிறது என்றும் கேட்டிருந்தாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்கிறாள். அதனால் பட்டறையைத் திறப்பதற்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

டயருக்குப் பணம் அனுப்பாதே. டயர் கடைசி வேலை.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் தெருவில் தண்ணீர் நின்றது உனக்குத் தெரியும். ஜீப் சக்கரத்தின் நடுவட்டம் வரை தண்ணீரில் நாலு நாள் நின்றது. வடிந்த பிறகு என்ஜின் ஆயிலை மாற்றினேன், ஸ்டார்ட் ஆனது, அத்தோடு விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் ஆர்சி புதுப்பிக்கவும் கொண்டுபோய் வந்தேன். ஆக்சிலைத் திறந்து பார்க்கவே இல்லை. அது என் தப்பு. நீ சேற்றில் ஓட்டலாம் என்று கேட்டதால்தான் இப்போது பாடியைக் கழற்றி இறக்கி, எல்லாவற்றையும் திறந்தேன்.

முதலில் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டம். சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இரும்பு 'டிங்' என்று பதில் சொல்லும். அரித்த இரும்பு 'பொத்' என்று அமுங்கும். டிரைவர் சீட்டுக்குக் கீழே, வலது பக்கத்தில், ஒரு ஜாண் நீளத்துக்குப் 'பொத்'. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே பெயின்ட் அப்படியே இருக்கிறது, உள்ளே இரும்பு மாவாகிக் கிடக்கிறது. காசிமேட்டுக் காற்று அப்படி. பெட்டி மாதிரி மூடின இடத்தில் சேறும் உப்பும் போய் உட்கார்ந்தால் வெளியே வர வழியில்லை. நீ சொன்ன மாதிரி பெரிய டயரைப் போட்டு, ஒரு பள்ளத்தில் ஒரு பக்கம் இறங்கியிருந்தால் அந்த இடத்தில்தான் முறிந்திருக்கும். அதற்கு மேலே உன் சீட்டு.

அழுகின இரும்பை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு 4 மில்லி பிளேட் வைத்துப் பற்றவைத்தோம். பிளேட்டின் இரண்டு நுனியையும் மீன்வால் மாதிரிச் சரிவாக வெட்டச் சொன்னேன். பட்டறைப் பையன் நேராக வெட்ட வந்தான். குறுக்கே நேர்க்கோட்டில் வெல்டு வைத்தால் அந்தக் கோட்டிலேயே ஒரு நாள் விரிசல் ஓடும், சரிவாக வைத்தால் பாரம் பரவும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பற்றவைப்பதற்கு முன்னால் பேட்டரி, ஆல்டர்னேட்டர் ஒயர் இரண்டையும் கழற்றிவிட வேண்டும், இதை நீயும் மறக்காதே. கீழ்ப்பக்கம் தண்ணீர் வடிய நாலு ஓட்டை போட்டு, ரெட் ஆக்சைடு இரண்டு கை அடித்தாயிற்று. இதற்கே ஆறு வாரம் ஓடிவிட்டது.

பிறகு பின் ஆக்சில். டிரெய்ன் போல்ட்டைத் தளர்த்தினதும் முதலில் வந்தது ஆயில் இல்லை, தண்ணீர். அரை டம்ளர் இருக்கும். அதற்குப் பின்னால் ஆறிப்போன டீ நிறத்தில், கெட்டியாக, நுரையோடு ஆயில் இறங்கியது. ட்ரேயில் விழுந்ததை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன், வழவழப்பே இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு வருஷமாக இதை வைத்துக்கொண்டுதான் உன் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போய் வந்திருக்கிறேன்.

தண்ணீர் எப்படிப் போயிற்று என்று நீ கேட்பாய். ஆக்சில் கவுசிங் மேலே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மூடி இருக்கும். அதுதான் ப்ரீதர், அதாவது ஆக்சில் மூச்சுவிடுகிற வாய். ஓடி ஓடிச் சூடானால் உள்ளே இருக்கிற காற்று விரியும், அந்த வாய் வழியாக வெளியே போகும். சூடான ஆக்சில் சடாரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், வெளியிலிருந்து இழுக்கும். வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை இழுக்கும். சேற்றில் அடைத்துக்கொண்டிருந்தால் ஆயில் சீல் இடுக்கு வழியாக இழுக்கும். நம் வண்டியில் அந்த மூடி மண்ணாலேயே மூடியிருந்தது. கல்லாக இறுகிப்போய் ஊசியால் குத்தி எடுத்தேன்.

உள்ளே இருக்கிற பல்சக்கரங்கள், கிரவுனும் பினியனும், தப்பித்தன. இரண்டு பேரிங்கில் துருப்புள்ளி விழுந்திருந்தது, மாற்றியாயிற்று. டீசல் ஊற்றி மூன்று தடவை கழுவி, புது சீல் போட்டு, தொண்ணூறு நம்பர் கியர் ஆயில் ஊற்றியிருக்கிறேன். புதுப்பேட்டையில் பழைய ஜீப் சாமான் இன்னும் கிடைக்கிறது. காயலாங்கடையில் கவுசிங் வாங்கலாம், ஷாஃப்ட் வாங்கலாம், ஆனால் சீலும் பேரிங்கும் பிரேக் சாமானும் பழசு வாங்கவே கூடாது. ப்ரீதர் இருந்த இடத்தில் நிப்பிள் வைத்து, ஆயில் தாங்கும் ரப்பர் குழாயை பானெட்டுக்குள் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டிவிட்டேன். முன் ஆக்சில், கியர்பாக்ஸ் இரண்டுக்கும் அப்படியே. எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்தான் ஆனது. இந்த வண்டிக்கு நான் செய்ததில் இதைவிடப் பெரிய வேலை வேறு இல்லை என்பேன்.

என்ஜின் பற்றிக் கவலைப்படாதே. 1989-ல் வந்த பேஜோ டீசல், 2112 சிசி, 62 குதிரை. உன் கூட்டாளிகளுக்கு இது சின்ன எண்ணாகத் தெரியும். லோ கியரைப் போட்டால் சக்கரத்துக்குப் போகிற இழுவை கிட்டத்தட்ட இரண்டரை மடங்காகிறது. சேற்றுக்கு வேகம் வேண்டாம், நிதானமாக விடாமல் இழுத்தால் போதும். என்ஜினுக்குள் காற்று போகிற குழாயை முன் கண்ணாடிக்கு மேலே வரை ஏற்றி, கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு இணைப்பும் காற்றுப் புகாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது குழாய் வாயை ரப்பர் ஒட்டின பலகையால் மூட வேண்டும். நின்றுவிட்டால் சரி. திணறித் திணறி ஓடிக்கொண்டே இருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீரும் போகும். தண்ணீரை நசுக்க முடியாதம்மா. சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டி தண்ணீரில் நின்றுபோனால் பதறிப்போய் செல்ஃப் மட்டும் அடிக்காதே. ஹீட்டர் பிளக் நாலையும் கழற்றிவிட்டு, என்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளின பிறகுதான் மறுபடியும் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

உயரம் ஏற்றுகிற கதைக்கு வருகிறேன். ஸ்பிரிங் பட்டை எல்லாம் வருஷக்கணக்கில் பாரம் தாங்கிப் படுத்துப்போயிருந்தது. கழற்றிக் கொடுத்து, தட்டி வளைவு எடுத்து, ஒடிந்த ஒரு பட்டையை மாற்றி, புஷ் புதுசு போட்டதில் ஒன்றரை இன்ச் திரும்பக் கிடைத்தது. அது கம்பெனி கொடுத்த உயரம், அதோடு நிறுத்திவிட்டேன். அதற்கு மேலே போனால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சாய்வு கூடி அதன் மூட்டில் இருக்கிற கிராஸ் தேயும், வரப்பு ஏறும்போது வண்டி கவிழப் பார்க்கும். ஆர்சியில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது, 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. பதினைந்து வருஷம் தாண்டின வண்டி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ முன்னால் நிறுத்தியாக வேண்டும். இந்த வண்டியை இழக்க எனக்கு மனசில்லை.

டயர் பழைய 6.00-16 அளவுதான், கட்டை கட்டையாகப் புடைத்த லக் பட்டன் போட்டது. ஒல்லியாக இருக்கிறதே என்று நினைக்காதே. நம்மூர் நெல் வயலில் சேறு மேலே ஒரு சாணுக்குத்தான். வருஷா வருஷம் உழுது உழுது அதற்குக் கீழே ஒரு கெட்டித் தரை இறுகியிருக்கும். ஒல்லி டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு போய் அந்தத் தரையைப் பிடிக்கும். அகல டயர் சேற்றின் மேல் மிதந்து வழுக்கும். அடி தெரியாத உளையில் அகல டயர் நல்லது, ஆனால் அங்கே நாம் போகப்போவதில்லை. ரோட்டில் 28, 30 பவுண்டு காற்று வைத்துப் போய், வயலில் இறங்கும்போது 18-க்குக் குறைத்துக்கொண்டால் போதும்.

இனி கொக்கி. பாப்பா, இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. உங்கள் சித்தப்பாவுக்கு இடது முழங்கை நீட்ட வராது. கபடியில் விழுந்தான் என்று உங்களுக்குச் சொல்லி வைத்திருந்தோம். அது கபடி இல்லை.

1992. அத்திப்பட்டில் அனல்மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த சமயம். நான் ஒரு கான்ட்ராக்டரிடம் ஜீப் ஓட்டினேன், அவன் எனக்கு உதவிக்கு வந்திருந்தான். மழை நாள், ஜல்லி லாரி ஒன்று ஆக்சில் வரை புதைந்துவிட்டது. நான் இரும்புச் சங்கிலியை எடுத்து லாரி பம்பரில் மாட்டினேன். சேசிஸில் மாட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். குனிந்து சேற்றுக்குள் கைவிடச் சோம்பல். ஜீப்பைப் பத்தடி பின்னால் எடுத்து, வேகமாக முன்னால் விட்டு வெடுக்கென்று இழுத்தேன். பம்பர் போல்ட் பிய்த்துக்கொண்டது. சங்கிலியோடு அந்த இரும்புத் துண்டு பறந்து வந்து, ஓரமாக நின்றுகொண்டிருந்தவன் கையில் அடித்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எலும்பு கூடிற்று, மூட்டு கூடவில்லை. அதற்கப்புறம் அவனால் லேத்தில் நிற்க முடியவில்லை. இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கபடி என்று முதலில் சொன்னதே அவன்தான்.

அதனால்தான் சேசிஸ் சரியானதும் இந்த வண்டியில் முதல் வேலையாக முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு கொக்கி. சேசிஸ் ரெயிலிலேயே, உட்பக்கம் பிளேட் கொடுத்து, 8.8 போல்ட் போட்டு இறுக்கியது. சங்கிலியே கிடையாது. சித்தப்பாதான் காசிமேட்டுக்குப் போய் 24 மில்லி நைலான் கயிறு வாங்கி வந்தான். படகுக்காரர்கள் கயிற்று நுனியைத் தண்ணீரில் போட்டுப் பார்த்து வாங்குவார்கள். நைலான் முங்கும், மிதந்தால் அது வேறு சரக்கு. நைலான் ரப்பர் மாதிரிக் கொஞ்சம் நீண்டு, பிறகு இழுக்கும். வெடுக்கென்று அடிக்காது. நனைந்தால் பலம் சற்றுக் குறையும் என்று ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கினான். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட வேண்டும், கயிற்று நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில்தான் ஆள் நிற்க வேண்டும். நீ வந்தால் முதல் நாள் வண்டியை ஓட்ட விடமாட்டேன், இதைத்தான் பழக்குவேன்.

எண்ணூர் கழிமுகத்தில் பக்கத்திலேயே சேறு இருக்கிறதே, பொன்னேரி வரை எதற்கு என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அந்தப் புயலில் ஆற்றில் எண்ணெய் படர்ந்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். அலையாத்தி மரங்களில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு. அந்தச் சேற்றில்தான் மார்பளவு தண்ணீரில் நின்று பொம்பளைகள் கையால் இறால் தடவி எடுக்கிறார்கள். அது அவர்களுடைய உலைக்கு அரிசி. அங்கே நம் வண்டிச் சக்கரம் இறங்கக் கூடாது.

பொன்னேரிப் பக்கம் நம் வெல்டருடைய மாமனார் ஒன்றரை ஏக்கர் இந்தப் போகம் தரிசாக விட்டிருக்கிறார். "வந்து ஓட்டிக்கங்க, வரப்பை மட்டும் ஒடைக்காதீங்க" என்றார். போன ஞாயிறு நானும் சித்தப்பாவும் கையில் ஒரு கழியோடு அந்த வயல் முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்தோம். மேற்கு மூலையில் மட்டும் கழி முழங்கால் அளவு இறங்குகிறது, அங்கே நாலு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம். மற்ற இடமெல்லாம் அடி கெட்டி.

இன்னொன்று. நாலு சக்கரமும் சுற்றும் என்று நம்பி இறங்காதே. ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றவைக்கிற டிஃபரன்ஷியல் லாக் நம் வண்டியில் இல்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று பிடி விட்டால் அந்த இரண்டும்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். காலை எடுத்துவிட்டு இறங்கு, மண்வெட்டியால் டயருக்கு முன்னால் இருக்கிற சேற்றைத் தள்ளு. மண்வெட்டி பின்சீட்டுக்குக் கீழே கட்டியிருக்கிறது.

மிச்சம் இருப்பது பிரேக். சேற்றில் போய் வந்தால் ட்ரம்முக்குள் மண் போய் ஷூ பிடிக்காது, ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவியாக வேண்டும். மூன்று ட்ரம் கழற்றி, சிலிண்டர் மாற்றி, ஷூ போட்டு முடித்துவிட்டேன். பின்னால் இடது பக்கம் மட்டும் தொடவில்லை. சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு உட்காருவாயே, அந்தப் பக்கம். அதை நீ வந்து கழற்று. வயலுக்கு மறுநாள் போகலாம்.

அம்மா உன் அறையைத் துடைத்து வைத்திருக்கிறாள். டிக்கெட் போட்டதும் தேதியை எழுது.

உன்
நைனா