பிளாக் சபாத்தின் மூவருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டோனி அயோமி, கீஸர் பட்லர், பில் வார்ட் ஆகியோருக்கு,

வணக்கம். 2025 ஜூலையில் உங்கள் ஹெவி மெட்டல் இசைக்குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் மறைந்தபோது நான் படித்த அஞ்சலிகள் எல்லாம் இருட்டு, சிலுவை, வௌவால் என்றே ஓடின. உங்கள் வாசிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

1969 அக்டோபரில் லண்டன் ஸ்டுடியோ ஒன்றில் ஒரே நாளில், மேடையில் வாசிப்பதுபோலவே வாசித்து, முதல் ஆல்பத்தை முடித்தீர்கள். வெளிவந்ததும் விமர்சகர்கள் பலர் கழுவி ஊற்றினார்கள். அவர்கள் டிரம்ஸைக் கேட்டார்களா என்றே சந்தேகம்.

பில், ஜாஸ் டிரம்மர் ஜீன் க்ரூப்பாவைக் கேட்டு வளர்ந்தவர் நீங்கள் என்பது 'விக்கட் வேர்ல்ட்' பாட்டின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டுகளில் ஓடுவது சுத்தமான ஜாஸ் நடை. ஆல்பத்தின் முதல் பாட்டில் இன்னும் அழகு. கிதார் வாசிப்பது மூன்றே சுரம்: ச, மேல் ச, அப்புறம் பிரதி மத்யமம். அந்த மூன்றாவது சுரத்தை டோனி நடுங்கவிட்டு நீட்டும்போது, கிடைத்த இடைவெளியில் டாம் டிரம்களை உருட்டி நீங்கள் பதில் சொல்கிறீர்கள். வெறுமனே தாளம் போடுகிறவர் அங்கே அடக்கி வாசித்திருப்பார்.

டோனி, தொழிற்சாலை விபத்தில் நுனி போன இரண்டு விரல்களும், பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கிச் செய்த தொப்பிகளும் ஊரறிந்த கதை. அந்தத் தொப்பிக்குள் இருக்கும் விரலுக்குத் தந்தி தட்டுப்படவே செய்யாது. காதை மட்டும் நம்பி ஒரு சுரத்தை எவ்வளவு இழுப்பது, எங்கே விடுவது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். எனக்கு மலைப்பு அதில்தான்.

கீஸர், நீங்கள் கிதாரிலிருந்து பேஸ் கிதாருக்கு வந்தவர். மேடையில் டோனி ஸோலோவுக்கு, அதாவது தனி வாசிப்புக்கு, போனால் பின்னால் ரிதம் கிதார் வாசிக்க ஆளில்லை. அந்த இடத்தையும் நீங்களே நிரப்பினீர்கள். 'என்.ஐ.பி.' பாட்டுக்கு முன்னால் வரும் பேஸ் ஸோலோவைவிட, பாட்டுக்குள் கிதாருக்கு அடியில் நீங்கள் செய்வதுதான் எனக்குப் பிடிக்கும்.

'பாரனாய்ட்' ஆல்பம்தான் அதிகம் விற்றது, சரி. என் ஓட்டு முதல் ஆல்பத்துக்கே.

ஒரே ஒரு வேண்டுகோள். இனி எப்போதாவது இந்தப் பாடல்களுக்குப் புது மிக்ஸ் போட்டால், கணினியில் வைத்து டிரம்ஸை நேராக்க யாரையும் விடாதீர்கள். வேகம் கூடும் இடத்தில் கூடட்டும்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்