பல்கேரிய நாணயம் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

2026 ஜனவரி 1 முதல் பல்கேரியாவில் யூரோ புழங்குகிறது. அதைக் காட்டி, அதுவரை அங்கே புழங்கிய லெவா காசுகளை 'அரிது' என்று விலையேற்றாதீர்கள். 1.95583 லெவாவுக்கு ஒரு யூரோ என்ற கணக்கில் அந்நாட்டுத் தேசிய வங்கி அவற்றைக் காலவரம்பின்றி மாற்றித் தருகிறது. பல்கேரிய மொழியும் எழுதப்படும் சிரில்லிக் எழுத்தைக் கண்டதும் 'ரஷ்யக் காசு' என்று போடுவதையும் விட்டுவிடலாம்.

நாங்கள் கேட்பது உலோகத்தைச் சரியாகச் சொல்லுங்கள் என்பதைத்தான். குதிரைவீரன் பதித்த 5, 10 லெவா 1930-இல் செம்பு-நிக்கல், 1941-இல் இரும்பு, 1943-இல் நிக்கல் பூசிய எஃகு. பின்னவை இரண்டும் காந்தத்தில் ஒட்டும். 1999-ஆம் ஆண்டின் 1, 2, 5 ஸ்டோடின்கா (லெவாவின் நூறில் ஒரு பங்கு) ஒட்டாது. 2000-ஆம் ஆண்டினது ஒட்டும், அதன் உள்ளே இருப்பது எஃகு. ஆனால் காந்தத்தை மட்டும் நம்பினால் 50 லெவாவில் ஏமாறுவீர்கள். 1930-இல் வந்தது பாதி வெள்ளி, 1940-இல் வந்தது வெறும் செம்பு-நிக்கல், இரண்டுமே ஒட்டாது. அங்கே ஆண்டைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய வெள்ளிக்காசுகளில்தான் வம்பு அதிகம். 1882-இன் 1 லெவ் (லெவா என்பதன் ஒருமை) 5 கிராம், 2 லெவா 10 கிராம். 1884, 1885-இன் 5 லெவா 25 கிராம். கிராமத்துப் பெண்கள் இவற்றைக் காசுமாலையாகக் கோத்து அணிந்ததால் பலவற்றில் துளை இருக்கும், அல்லது வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கும். துளையை அடைத்து, மேலே எழுத்தைச் செதுக்கி விற்பவர்களும் உண்டு. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்: அடைத்த இடம் வேறு நிறத்தில் தெரியும், எழுத்தின் கோடு அங்கே தடுமாறும். எழுத்துகள் கூர்மையாக இருந்தும் எடை குறைந்தால் அதற்குத் தேய்மானம் காரணமல்ல. பற்றாசை நீக்க விளிம்பை அராவியிருக்கலாம். அதனால் விளிம்பையும் படமெடுத்துப் போடுங்கள்.

1917-இன் துத்தநாகக் காசில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் புளியோ எலுமிச்சையோ போட்டுத் துலக்க வேண்டாம். அமிலம் பொடியோடு காசையும் அரித்துவிடும். அப்படியே ஈரம் படாமல் வையுங்கள்.

1925-இன் 1, 2 லெவாவில் மின்னல் குறி இருந்தால் அது பிரான்சின் புவாசி நாணயச்சாலையில் அச்சானது. குறி உண்டா இல்லையா என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். துளையுள்ள காசைத் துளையுள்ளது என்றே போடுங்கள், அதற்கும் வாங்க ஆளிருக்கிறது.

இப்படிக்கு,
பல்கேரிய நாணயச் சேகரிப்பாளர்கள் சிலர்