கீழாநெல்லியும் ப்ளம்பெர்க்கும்: விட்டுப்போன பக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கீழாநெல்லிக் கட்டுரையைப் படித்தேன். மஞ்சள் காமாலைக்கு அதுதான் மருந்து என்றும், நோபல் பரிசு பெற்ற அமெரிக்க மருத்துவர் பரூக் ப்ளம்பெர்க்கே ஆராய்ந்து அதை ஒப்புக்கொண்டுவிட்டார் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஆதாரமாக 1988-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வைக் காட்டுகிறார். அப்படி ஓர் ஆய்வு வந்தது உண்மை. அது நம் சென்னையில் நடந்ததும் உண்மை. ஆனால் அதற்கு முன்னால் ப்ளம்பெர்க் எழுதியதையும் பின்னால் மற்றவர்கள் எழுதியதையும் விட்டுவிட்டு, நடுவிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவிக் காட்டினால் படிப்பவர்களுக்கு அது கெடுதலாகத்தான் முடியும். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

ப்ளம்பெர்க் ஹெபடைடிஸ் (கல்லீரல் அழற்சி) கிருமியைத் தேடிப் போனவரே இல்லை. ஒரு நோய் ஒருவரைப் பிடிக்கிறது, பக்கத்தில் இருப்பவரை விட்டுவிடுகிறது; பிறவியிலேயே ரத்தத்தில் ஏதாவது வித்தியாசம் இருக்குமோ என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்காகப் பல நாட்டு மக்களின் ரத்த மாதிரிகளைச் சேர்த்தார். ஹீமோஃபீலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய்) நோயாளிகள் திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள். அடுத்தவர் ரத்தத்தில் உள்ள புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் பொருள், அவர்கள் உடலில் உருவாகியிருக்கும். அவர்களுடைய சீரத்தை (ரத்தம் உறைந்த பின் பிரியும் நீர்) அகர் ஜெல் என்ற கூழில் ஒரு குழியில் விட்டு, சுற்றியுள்ள குழிகளில் மற்றவர்களுடைய சீரத்தை விட்டு, நடுவே கோடு விழுகிறதா என்று பார்ப்பார்கள். கோடு விழுந்தால் ஆன்டிபாடி தனக்குரிய புரதத்தைப் பிடித்துவிட்டது என்று பொருள். 1963-ல் ஹார்வி ஆல்டரோடு சேர்ந்து பார்த்தபோது, நியூயார்க்கைச் சேர்ந்த ஹீமோஃபீலியா நோயாளி ஒருவரின் சீரத்துக்கும் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்துக்கும் இடையில் கோடு விழுந்தது. கோடு விழ வைத்த அந்தப் பொருளுக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜன்' என்று பெயர் வைத்தார்கள். (நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்த டாக்டர்கள் சீட்டில் அப்படித்தான் எழுதுவார்கள். இன்றைக்கு எச்.பி.எஸ்.ஏஜி என்றால்தான் எல்லாருக்கும் புரிகிறது.)

அது என்ன என்று அப்போது அவருக்குத் தெரியாது. 1965-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே ரத்தப் புற்றுநோய்தான் இருக்கிறது. அந்த நோயாளிகளிடம் இந்தக் கோடு அடிக்கடி விழுந்ததால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று நினைத்தார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்களையும் சோதித்தார்கள். அங்கே ஒரு சிறுவனுக்கு முதலில் நெகட்டிவாக இருந்தது, பிறகு பாசிட்டிவாக மாறியது. பிறவிக் குணம் என்றால் அப்படி மாறாதே! பார்த்தால் இடையில் அவனுக்குக் கல்லீரல் அழற்சி வந்திருந்தது. 1967-ல் ப்ளம்பெர்க்கின் ஆய்வகத்திலேயே நுட்புநராக இருந்த பார்பரா வெர்னருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அந்த அம்மா தன் சீரத்தைத் தானே சோதித்தார், கோடு விழுந்தது. ஒருவருக்கு வைரஸ் ஹெபடைடிஸ் இருப்பதை அந்தப் பரிசோதனை சொன்னது அதுதான் முதல் முறை. நோபல் பரிசு பற்றிய எந்தத் தமிழ்க் கட்டுரையிலும் இவர் பெயரை நான் பார்த்ததில்லை. எங்கள் தொழில்காரர் என்பதால் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

அதே ஆண்டு வந்த கட்டுரையில் ஹெபடைடிஸும் சேர்ந்துவிட்டது. புற்றுநோய் என்று எழுதிய கையாலேயே, இல்லை, இது கல்லீரலைத் தாக்கும் தொற்று என்று எழுதினார். இதைத்தான் உங்கள் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டும். தான் அச்சிட்டதையே மறுபடி மறுபடி சோதித்துப் பார்த்தவர் ப்ளம்பெர்க். அப்படிப்பட்டவர் பெயரைச் சொல்லி ஒரே ஒரு ஆய்வைத் தீர்ப்பு மாதிரி காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை.

சரி, கீழாநெல்லிக்கு வருவோம். பிலடெல்பியாவில் பி.எஸ். வெங்கடேஸ்வரன், இர்விங் மில்மன் ஆகியோருடன் ப்ளம்பெர்க் 1987-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சோதனைக் குழாயிலும், இதே மாதிரியான வைரஸ் தொற்றும் வுட்சக் என்ற விலங்கிலும் கீழாநெல்லிச் சாறு வைரஸை ஓரளவு அடக்கியது. அடுத்த ஆண்டு லான்செட் கட்டுரை. அதை எழுதியவர்கள் பட்டியலில் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், பின்னாளில் அதே பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக இருந்தவர். கடைசிப் பெயர் ப்ளம்பெர்க். ஹெபடைடிஸ் பி தொற்றை நெடுநாளாகச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்து அந்த ஆஸ்திரேலியா ஆன்டிஜன் (அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம்) மறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மருந்து (மருந்தே இல்லாத போலி) எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் மறைந்தது. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. நாட்பட்ட தொற்றில் அது தானாக மறைவது ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான். இன்று வரை எந்த மாத்திரையும் ஒரே மாதத்தில் பாதிப் பேருக்கு மேல் அதை மறைய வைத்ததில்லை. அதனால்தான் அந்த ஆசிரியர்களே இது பூர்வாங்க ஆய்வு, மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

மற்றவர்கள் சோதித்தார்கள். 1990-ல் அதே லான்செட்டில் தாய்லாந்து ஆய்வு வந்தது. தலைப்பிலேயே தோல்வி என்று போட்டிருந்தார்கள். 1994-ல் நியூசிலாந்திலும் அதே கதை. எந்த இனச் செடி, எந்த மண்ணில் வளர்ந்தது என்பதைப் பொறுத்துப் பலன் மாறலாம் என்ற வாதமும் எழுந்தது. 1987 கட்டுரையிலேயே செடியின் இனப்பெயரைப் பிறகு மாற்ற வேண்டியிருந்தது என்பதால் அந்த வாதத்தைத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வறிக்கை 2011-ல், வெற்று மருந்தைவிட இது பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்றே சொன்னது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரியாவது வந்திருக்க வேண்டாமா?

எனக்குக் கீழாநெல்லி மேல் கோபம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டிலும் மோரில் அரைத்துக் கலக்கிக் குடித்திருக்கிறோம். காமாலை என்று ஊரில் சொல்வதில் பெரும்பாலானவை கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ. அநேகமாக எல்லாருக்கும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும் (கர்ப்பிணிகளுக்கு வரும் ஈ மட்டும் உயிருக்கே ஆபத்து). மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள் என்று ஜலதோஷத்தைச் சொல்வார்களே, அந்த மாதிரி. நடுவில் என்ன குடித்தாலும் பெயர் அதற்குப் போய்விடும்.

ஹெபடைடிஸ் பி அப்படி இல்லை. ரத்ததான முகாமில் பாசிட்டிவ் வந்து நாங்கள் கூப்பிட்டுச் சொன்ன இளைஞர்களில் பலர் முதலில் கேட்பது, "எனக்குக் காமாலையே வந்ததில்லையே சார்?" என்பதுதான். கண் மஞ்சளாகாது, பசி குறையாது. இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, கல்லீரல் சுருக்கமாகவோ புற்றாகவோ வெளியே வரும். இவர்கள் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு மாதம் பொடி சாப்பிட்டு, குணமாகிவிட்டது என்று ஸ்கேனையும் வைரஸ் அளவுப் பரிசோதனையையும் நிறுத்திவிட்டால்? அப்படி நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். டெனோபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸை முழுதாக ஒழிப்பது அபூர்வம். ஆனால் அடக்கி வைக்கும். பாதியில் விட்டால் சிலருக்கு நோய் திடீரென்று முற்றும். கட்டுரை ஹெபடைடிஸ் சி-யையும் இதே கூடையில் போட்டுவிட்டது. அது தனி வைரஸ். பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாத மாத்திரையில் முழுக் குணமே கிடைக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வழிவகுத்ததற்காக 2020-ல் நோபல் பெற்றவர்களில் ஒருவர், முன்னே சொன்ன அதே ஹார்வி ஆல்டர்.

ப்ளம்பெர்க்கைப் பற்றி எழுதிவிட்டுத் தடுப்பூசியைச் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு இன்னும் வியப்பு. இந்த வைரஸ் தனக்குத் தேவையானதைவிட மிக அதிகமாக மேலுறைத் துகள்களை ரத்தத்தில் கொட்டும். உள்ளே சரக்கு இல்லாத அந்த வெற்றுறைகளைப் பிரித்தெடுத்தால் அதுவே தடுப்பூசியாகும் என்று அவரும் மில்மனும் 1969-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1986-ல் ஈஸ்ட்டில் தயாரித்த ஊசி வந்த பிறகு மனித ரத்தமே தேவைப்படவில்லை. தைவானில் 1984-ல் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கினார்கள். அங்கே 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை 1997-ல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியாவில் 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் சொந்தமாகத் தயாரித்த பிறகுதான் விலை இறங்கியது. ப்ளம்பெர்க்கின் பிறந்தநாளான ஜூலை 28-ஐத்தான் உலகமே ஹெபடைடிஸ் தினமாக அனுசரிக்கிறது. மத்திய அரசின் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தையும் 2018-ல் அதே நாளில்தான் தொடங்கினார்கள்.

அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள். அந்தத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம் என்று எழுதுங்கள். வீட்டில் ஒருவருக்கு பி இருந்தால் மற்றவர்களும் பரிசோதித்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பிறக்கும்போதே தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகிவிடும் என்பதால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும். தாய்க்குப் பாசிட்டிவ் என்றால் இம்யூனோகுளோபுலின் (தயாராக உள்ள ஆன்டிபாடி) ஊசியும் குழந்தைக்குக் கூடவே போட வேண்டும். அது எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்காது. ஆகவே பிரசவத் தேதிக்கு முன்னாலேயே டாக்டரிடம் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்,
கும்பகோணம்